இருட்டில் வரும் தள்ளாட்டம்: ஆர்எஃப்சி1 மரபணு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

அறுபது வயதைத் தாண்டியவரின் நடையில் தள்ளாட்டம் தெரிந்தால் வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "வயசாச்சுல்ல" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மருத்துவமனைக்குப் போனாலும் சர்க்கரை, ரத்த அழுத்தம், பி12 மூன்றையும் பார்த்துவிட்டு, எதுவும் சிக்கவில்லை என்றால் அதே பதில்தான் கொஞ்சம் நாசூக்கான மொழியில் வரும். அப்படி வயதின் கணக்கில் எழுதப்பட்டுவந்த ஒரு தள்ளாட்டத்தைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். அதற்கு இப்போது ஒரு பெயர் இருக்கிறது, மரபணுவில் முகவரியும் இருக்கிறது. அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி யாருக்கும் இல்லாத ஒரு பரம்பரை நோய் ஒருவருக்கு ஐம்பது அறுபது வயதில் வந்து நிற்க முடியும் என்பதுதான் இதில் பலரும் நம்பத் தயங்கும் இடம்.

முதலில் கொஞ்சம் பின்னணி. முதியவர்களின் சமநிலையில் மரபுக்கு எவ்வளவு பங்கு என்று தெரிந்துகொள்ள ஆய்வாளர்கள் இரட்டையர்களிடம் போனார்கள். பின்லாந்தின் யுவாஸ்குலா பல்கலைக்கழகக் குழு, 63 முதல் 76 வயது வரையிலான சுமார் 200 இரட்டைச் சகோதரி ஜோடிகளை அழுத்தத்தை அளக்கும் பலகை மேல் நிற்கவைத்து, உடல் எவ்வளவு ஆடுகிறது என்று பதிவு செய்தது. 2004-ல் வந்த முடிவு: ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மரபிலிருந்து வருகிறது. மிச்சமெல்லாம் அவரவர் வாழ்ந்த வாழ்க்கை: செய்த வேலை, பட்ட அடி, வந்த நோய். இந்த மூன்றில் ஒரு பங்கு என்பது ஒரு கூட்டத்துக்கான கணக்கு. "என் தள்ளாட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு என் அப்பாவால்" என்று யாரும் அதைப் படிக்கக் கூடாது. அந்தப் பங்கும் ஒரே மரபணுவிலிருந்து வருவதில்லை. தசை வலிமை, பார்வை, நரம்பின் வேகம் என்று பலவற்றில் கைவைக்கும் எத்தனையோ மரபணுக்களின் சிறுசிறு பங்குகள் சேர்ந்த கூட்டுத்தொகை அது. நாம் எடுத்துக்கொண்ட நிகழ்வு இதற்கு நேர் எதிர். ஒரே மரபணு, அதில் ஒரே இடம்.

நோய் தெரியவரும் விதம்

நோயின் பெயர் கேன்வாஸ். சிறுமூளைத் தள்ளாட்டம், உணர்வு நரம்புச் சேதம், உட்செவியின் சமநிலை உறுப்பு செயலிழத்தல் ஆகிய மூன்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர். ஒரு மனிதர் விழாமல் நிற்பதற்கு மூன்று இடங்களிலிருந்து செய்தி வந்தாக வேண்டும்: கண், உட்செவி, பாதமும் மூட்டுகளும். அவற்றைக் கூட்டிக் கணக்குப் பார்ப்பது சிறுமூளை. இந்த நோயில் உட்செவியும் பாதமும் கைவிட்டுவிடுகின்றன, கணக்குப் பார்க்கும் சிறுமூளையும் தேய்கிறது. மிஞ்சுவது கண் மட்டும்தான்.

அதனால்தான் இவர்கள் பகலில் ஓரளவு சமாளித்துவிடுவார்கள். இரவில் கழிப்பறைக்கு எழுந்தால் சுவரைப் பிடிக்க வேண்டும். மின்சாரம் போனால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். தலைக்குக் குளிக்கும்போது சீயக்காய்க்குப் பயந்து கண்ணை மூடினால் உடம்பு சாய ஆரம்பித்துவிடும். "கண்ணை மூடினா விழுந்துடுவேனோன்னு இருக்கு" என்று ஒரு முதியவர் சொன்னால் அதை மனப்பயம் என்று ஒதுக்கக் கூடாது. அது துல்லியமான ஒரு நரம்பியல் குறிப்பு.

மரபணு உறுதி செய்யப்பட்ட 100 பேரின் விவரங்களை 2020-ல் ஒன்றாகத் தொகுத்தார்கள். அதில் எனக்கு மிகவும் வியப்பாக இருந்தது இருமல். நூறில் 64 பேருக்கு நாள்பட்ட வறட்டு இருமல் இருந்தது. சிலருக்கு அது தள்ளாட்டம் தொடங்குவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. யோசித்துப் பாருங்கள்: முப்பது வயதில் இருமலுக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்திருப்பார்கள், ஆஸ்துமா என்று பஃப் கொடுத்திருப்பார்கள், அப்புறம் வயிற்று அமிலம் என்று மாத்திரை. எதிலும் அடங்காத அந்த இருமலும், ஐம்பத்தைந்து வயதில் வந்த கால் மதமதப்பும் ஒரே நோயின் இரண்டு முனைகள் என்று யாருக்குத் தோன்றும்? தொண்டைக்கும் மூச்சுக்குழாய்க்கும் போகும் உணர்வு நரம்புகளும் சேதமாவதால் அவை காரணமின்றிச் சீண்டப்படுகின்றன என்பது இப்போதைய விளக்கம்.

மற்ற அறிகுறிகள் சராசரியாக 52 வயதில் தொடங்கின. மிகக் குறைந்த வயது 19, மிக அதிகம் 76. முதலில் பாதத்தில் உணர்ச்சி குறைகிறது, நடை தடுமாறுகிறது. சிலருக்கு நடக்கும்போது எதிரே உள்ள கடைப் பலகை எழுத்துகள் குதிப்பது போலத் தெரியும், நின்றால் சரியாகிவிடும். பேச்சுக் குழறல் பெரும்பாலும் பின்னால் வருவது. காது மட்டும் நன்றாகவே கேட்கும். பத்து ஆண்டுகள் ஆகும்போது பாதிப் பேருக்கு ஊன்றுகோல் போன்ற துணை தேவைப்பட்டது, பதினைந்து ஆண்டுகளில் கால்வாசிப் பேர் சக்கர நாற்காலிக்கு வந்திருந்தார்கள். வேகமான நோய் இல்லை. ஆனால் நின்றுவிடுவதும் இல்லை.

கழுத்தைத் திருப்பிப் பார்க்கும் சோதனை

இந்த மூன்றில் சிறுமூளையும் உட்செவியும் ஒன்றாகக் கெடுவதைக் காட்டிக்கொடுத்தது விலையுயர்ந்த கருவி எதுவுமில்லை. மருத்துவர் நோயாளிக்கு எதிரே உட்கார்ந்து, "என் மூக்கையே பாருங்க" என்று சொல்லிவிட்டு, அவர் தலையை இரண்டு கைகளாலும் பிடித்து மெதுவாக இடமும் வலமும் திருப்புகிறார். நல்ல நிலையில் உள்ளவரின் கண்கள் தலைக்கு எதிர்த்திசையில் வழுக்கிக்கொண்டே போய், பார்வையை மூக்கிலேயே நிறுத்திவைக்கும். உட்செவி செத்திருந்தாலும், மெதுவாகத் திருப்பும்போது சிறுமூளை கண்ணின் பின்தொடரும் திறனைக் கொண்டு ஈடு செய்துவிடும். சிறுமூளை மட்டும் கெட்டிருந்தால் உட்செவி பார்த்துக்கொள்ளும். இரண்டுமே போனவருக்குத்தான் கண் வழுக்காமல் வெட்டி வெட்டிப் போகும், தலையோடு நகர்ந்துவிட்டுப் பிறகு சின்னச் சின்னத் தாவல்களாக மூக்குக்குத் திரும்பும். செலவில்லாத சோதனை. இதை எந்த ஊர் மருத்துவமனையிலும் ஒரு நிமிடத்தில் செய்யலாம்.

2004-ல் நரம்பியல் மருத்துவர் மைக்கேல் ஹல்மாகி உள்ளிட்ட குழு நான்கு நோயாளிகளிடம் இதைப் பார்த்து, ஒரு தனி நோய்த்தொகுப்பின் அடையாளம் என்று எழுதியது. பிறகு மெல்போர்ன் மருத்துவர்கள் உணர்வு நரம்புச் சேதத்தையும் அதோடு சேர்த்து 2011 வாக்கில் கேன்வாஸ் என்ற பெயரை நிலைநிறுத்தினார்கள். இறந்துபோன நோயாளிகளின் உடற்கூறாய்வில், முதுகுத்தண்டை ஒட்டியிருக்கும் உணர்வு நரம்பு முடிச்சுகளும் உட்செவியின் சமநிலை நரம்பு முடிச்சும் செல்களை இழந்து சுருங்கியிருந்தன. நோயின் வேர் நரம்பு இழையைவிட இந்த முடிச்சுகளில்தான் இருக்கிறது என்பது அப்போது புரிந்தது.

முழங்கால் சுத்தியலும் ஒரு குழப்பம் செய்யும். உணர்வு நரம்பு இவ்வளவு கெட்டிருந்தால் முழங்காலில் தட்டும்போது கால் துள்ளக் கூடாது. இந்த நோயில் பலருக்குத் துள்ளுகிறது. ரிஃப்ளெக்ஸ் நன்றாக இருக்கிறது, நரம்பில் கோளாறில்லை என்று எழுதி அனுப்பிவிட வாய்ப்பு அதிகம். நரம்புக் கடத்தல் சோதனை செய்தால்தான் உண்மை தெரியும்: உணர்வு நரம்புகளில் அலையே எழாது.

மரபணுவைத் தேடிய கதை

உடன்பிறந்தவர்களுக்குள் இது சேர்ந்து வருவதைப் பல ஆண்டுகளாகக் கவனித்திருந்தார்கள். ஆனால் எக்ஸோம் பரிசோதனை, அதாவது புரதம் செய்யும் பகுதிகளை மட்டும் படிக்கும் பரிசோதனை, திரும்பத் திரும்ப வெறுங்கையோடு வந்தது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் ஆண்ட்ரியா கோர்டேசே, ஹென்றி ஹோல்டன் குழு பழைய வழிக்குத் திரும்பியது. குடும்பங்களைத் திரட்டி, நோயுள்ள உடன்பிறப்புகள் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும் டி.என்.ஏ. துண்டு எது என்று தேடினார்கள். 11 குடும்பங்களை வைத்துப் பார்த்ததில் நான்காம் குரோமோசோமின் ஒரு சிறு பகுதி தனியாகத் தெரிந்தது. டி.என்.ஏ.வின் ஏ, சி, ஜி, டி எழுத்துகளில் சுமார் 17 லட்சம் கொண்ட பகுதி அது. குற்றவாளி அதற்குள்தான் இருக்க வேண்டும்.

அந்தப் பகுதியில் உள்ள மரபணுக்களின் புரதப் பகுதிகளில் ஒரு பிழையும் இல்லை. கடைசியில் ஆர்எஃப்சி1 என்ற மரபணுவின் இரண்டாம் இன்ட்ரானில், அதாவது புரதத்துக்குப் போகாமல் வெட்டி எறியப்படும் பகுதியில், ஒரு விநோதம் கிடைத்தது. பொதுவாக அங்கே ஏஏஏஏஜி என்ற ஐந்தெழுத்துத் தொடர் பதினொரு முறை திரும்ப வரும். நோயாளிகளிடம் அந்த எழுத்துக்கோவையே மாறி ஏஏஜிஜிஜி என்றிருந்தது, அதுவும் 400 முதல் 2000 முறை வரை. கணக்குப் போட்டால் 2,000 முதல் 10,000 எழுத்து நீளம். வழக்கமான கருவிகள் ஒரு நேரத்தில் 150 எழுத்து வாக்கில்தான் படிக்கும். அவற்றால் இதன் முழு நீளத்தைப் பார்க்கவே முடியாது.

ஆய்வுக்கூடத்தில் இதைப் பிடிக்கும் விதமும் சுவாரசியமானது. அந்த இடத்தின் இரு பக்கமும் கொக்கி போட்டு, டி.என்.ஏ. துண்டை நகலெடுக்கும் பி.சி.ஆர். சோதனையை ஓட்டினால், சாதாரண ஆளுக்கு ஜெல்லில் ஒரு பட்டை தெளிவாக விழும். நோயாளியின் பாதையில் ஒன்றுமே விழாது, வெறும் கறுப்பு. நகலெடுக்க முடியாத அளவுக்கு நீளம். சோதனை சொதப்பிவிட்டது என்று நினைத்துத் தூக்கிப்போடக்கூடிய அந்த வெற்றுப் பாதைதான் முதல் தடயம். பிறகு அந்தத் தொடரையே கொக்கியாகக் கொண்ட இன்னொரு பி.சி.ஆரும், சதர்ன் பிளாட் என்ற பழைய முறையும் சேர்ந்து அதை உறுதி செய்தன.

முடிவு 2019-ல் வெளியானது. அதே ஆண்டில் மெல்போர்னில் ஒரு குழு கணினி வழியாகத் தனியே தேடி அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. லண்டன் குழு, குடும்பத்தில் வேறு யாருக்கும் நோயில்லாத, முதிர்வயதில் தள்ளாட்டம் வந்த 150 பேரைச் சோதித்ததில் 22 சதவீதம் பேருக்கு, அப்பா வழியாகவும் அம்மா வழியாகவும் வந்த மரபணுவின் இரண்டு பிரதிகளிலும் இந்த நீண்ட தொடர், அதாவது நீட்சி, இருந்தது. கேன்வாஸின் மூன்று அம்சங்களும் உள்ளவர்களை மட்டும் எடுத்தால் 92 சதவீதம். காரணம் தெரியவில்லை என்று முத்திரை குத்தப்பட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு ஒரே விடை! 2021-ல் இன்னொரு கதவும் திறந்தது. காரணம் தெரியாத உணர்வு நரம்புச் சேதம் என்று வைத்திருந்த 125 பேரில் 43 பேருக்கு இதே மரபணு மாற்றம்.

குடும்பத்தில் யாருக்கும் இல்லையே?

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் கேட்பார்கள். இது ஒடுங்கு மரபு நோய். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியும் கெட்டிருந்தால்தான் வரும். ஒன்று மட்டும் உள்ளவர் ஆயுள் முழுக்க ஒன்றும் தெரியாமல் இருப்பார். எனவே பெற்றோர் எண்பது வயது வரை திடமாக நடந்திருக்கலாம், பிள்ளைகளில் ஒருவரோ இருவரோ தள்ளாடலாம். "எங்க வம்சத்துலயே இல்லை" என்ற பதிலை வைத்துக்கொண்டு மரபணுவை விலக்கிவிட முடியாது. மருத்துவர்கள் பெற்றோரைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளும் பழக்கம் இங்கேதான் ஏமாற்றிவிடுகிறது. கேட்க வேண்டியது அண்ணன், தங்கையைப் பற்றி. அவர்களில் யாருக்காவது விடாத இருமல் உண்டா என்றும்.

இந்த மாற்றம் மிகப் பழையது. மெல்போர்ன் குழுவின் கணக்கின்படி ஏறக்குறைய 25,000 ஆண்டுகளுக்கு முன் ஒரே மூதாதையரிடம் தோன்றியிருக்க வேண்டும். பிள்ளை பெற்று வளர்த்து ஆளாக்கிய பிறகே நோய் தலைகாட்டுவதால் இயற்கைத் தேர்வு அதைக் கழிக்கவில்லை. ஊருக்கு ஊர் வடிவமும் மாறுகிறது. நியூசிலாந்தின் மாவோரி மக்களிடமும் குக் தீவு மக்களிடமும் இந்த நீட்சிக்கு முன்னால் ஏஏஏஜிஜி என்ற இன்னொரு தொடர் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று 2020-ல் கண்டார்கள். ஜப்பான் உள்ளிட்ட ஆசிய பசிபிக் பகுதிகளில் ஏசிஏஜிஜி என்ற வடிவமும் உண்டு. ஐரோப்பியர்களின் எழுத்துக்கோவையை மட்டும் தேடும் சோதனை இவர்களைத் தவறவிட்டுவிடும்.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு தொடர்பு உண்டு. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யும் வழக்கம் உள்ள இடங்களில், ஒரே மூதாதையின் கெட்ட பிரதி இரண்டு வழியாகவும் வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது. எந்த ஒடுங்கு மரபு நோய்க்கும் இது பொருந்தும், ஆர்எஃப்சி1-க்கும் விலக்கில்லை. இந்திய முதியவர்களின் தள்ளாட்டத்தில் மரபணு இருக்கிறது என்பதற்கு வேறொரு மரபணுவிலிருந்து நேரடிச் சான்றும் இருக்கிறது. 2023 தொடக்கத்தில் எஃப்ஜிஎஃப்14 மரபணு பற்றிய ஆய்வு வெளிவந்தது. பிரெஞ்சு கனடியர்களில் தொடங்கிய அந்த ஆய்வில், காரணம் தெரியாமல் தள்ளாட்டம் வந்திருந்த 31 இந்திய நோயாளிகளில் 3 பேருக்கு அந்த மாற்றம் இருந்தது. அது ஓங்கு மரபு, ஒரு பிரதியே போதும். சராசரியாக அறுபது வயதை ஒட்டித் தொடங்கும், ஆரம்பத்தில் விட்டுவிட்டு வரும், மது குடித்தால் கூடும். அந்தத் தள்ளாட்டத்துக்கு 4-அமினோபிரிடின் என்ற மருந்தில் சிலருக்குப் பலன் தெரிகிறது. கேன்வாஸுக்கு அந்த அதிர்ஷ்டம் இன்னும் வரவில்லை.

புரியாத இடம்

ஆர்எஃப்சி1 புரதத்தின் வேலை, டி.என்.ஏ. நகலாகும்போதும் பழுதுபார்க்கப்படும்போதும் அதற்கு வேண்டிய கிளிப் ஒன்றை இழையில் மாட்டிவிடுவது. உடம்பின் எல்லாச் செல்லுக்கும் தேவைப்படும் வேலை இது. அப்படியிருக்க நோய் ஏன் உணர்வு நரம்பு முடிச்சையும் சிறுமூளையையும் மட்டும் தாக்குகிறது? அதுவும் ஐம்பது ஆண்டு காத்திருந்து? நோயாளிகளின் திசுவில் அளந்தால் புரதம் குறையவும் இல்லை. ஒரு பிரதியில் நீட்சியும் மறுபிரதியில் புரதத்தையே பாதியில் வெட்டும் பிழையும் கொண்ட நோயாளிகள் பின்னர் கண்டறியப்பட்டார்கள். அவர்களை வைத்துப் பார்த்தால் புரதத்தின் பணி எங்கோ குறைகிறது என்றுதான் தோன்றுகிறது. இந்த முடிச்சு இன்னும் முழுதாக அவிழவில்லை. நீட்சியின் நீளம் கூடக் கூட நோய் முன்கூட்டியே வருகிறது என்பதும், இரண்டு பிரதிகளில் சிறியதன் நீளமே இதில் முக்கியம் என்பதும் 2024-ல் தெரிந்தது.

தெரிந்து என்ன ஆகப்போகிறது?

மருந்து இல்லாத நோய்க்குப் பெயர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. பெயர் தெரிந்த அன்றே வீண் சிகிச்சைகள் நிற்கும்: வருடக்கணக்கில் போட்ட இருமல் மருந்து, நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் ஊசி, எம்.ஆர்.ஐ.க்கு மேல் எம்.ஆர்.ஐ. அடுத்து, எதைக் காப்பாற்ற வேண்டும் என்பது தெளிவாகும். கண் ஒன்றுதான் மிச்சம் என்றால் கண்புரையைத் தள்ளிப்போடக் கூடாது. படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு, குளியலறையில் பிடிமானக் கம்பி, உட்கார்ந்து குளிக்க ஒரு முக்காலி. தலைசுற்றலுக்குப் பழக்கமாக எழுதித்தரும் மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்குவது இங்கே உதவாது, மூளை ஈடுசெய்து பழகுவதை அவை மந்தப்படுத்தலாம். சமநிலைப் பயிற்சியைப் பொறுத்தவரை, முதியவர்களிடையே உடற்பயிற்சி விழுதல்களை 23 சதவீதம் குறைக்கிறது என்று 2019-ல் வந்த பெரிய தொகுப்பாய்வு காட்டியது. அது பொதுவான முதியவர்களுக்கான எண். கேன்வாஸ் உள்ளவருக்கு அதே அளவு பலன் வரும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. ஆனாலும் கால் வலிமையை விட்டுவிட இது காரணமாகாது. பின்லாந்து இரட்டையர்களின் கணக்கில் பெரும்பங்கு வாழ்க்கையிடம்தானே இருந்தது.

சோதனைக்கு எழுதும்போது கவனம் வேண்டும். "எல்லா மரபணுவும் பார்த்தாச்சு, நார்மல்" என்று எக்ஸோம் அறிக்கையை நீட்டுவார்கள். அதில் இந்த நோய் தெரியாது. ஆர்எஃப்சி1 நீட்சி என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், அல்லது நீளமான துண்டுகளை ஒரே மூச்சில் படிக்கும் புதிய கருவிகள் இருக்கும் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்கு முன் பி12, சர்க்கரை, மதுப்பழக்கம், காதைத் தாக்கும் ஜென்டாமைசின் போன்ற ஊசிகள் இவற்றை விலக்கிவிடுவது அவசியம். இவை மரபணுவைவிடப் பரவலானவை, சிலவற்றைச் சரிசெய்யவும் முடியும்.

கடைசியாக ஒரு சிக்கல். நோய் உறுதியான ஒருவரின் தங்கைக்கு நாற்பத்தெட்டு வயது, பத்து வருடமாக வறட்டு இருமல், நடை நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்படி உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. அந்த இருமலைப் பார்த்தால் அதற்கு மேலும் இருக்கலாம். அவரைச் சோதிக்க வேண்டுமா? தலையைத் திருப்பிப் பார்ப்பதிலும் நரம்புக் கடத்தல் சோதனையிலும் தவறில்லை, இருமலுக்கு அவர் இன்னும் ஸ்டீராய்டு உறிஞ்சிக்கொண்டிருந்தால் அதை நிறுத்தவாவது உதவும். ரத்தத்தை எடுத்து மரபணுவைப் பார்ப்பது வேறு விஷயம். தெரிந்துகொள்வதும் தெரியாமலிருப்பதும் அவர் உரிமை, அண்ணன் அவசரப்படுத்தக் கூடாது, மருத்துவரும்தான். ஒரு மரபியல் ஆலோசகரோடு உட்கார்ந்து பேசிவிட்டு அவரே சொல்லட்டும். அவருடைய பிள்ளைகளைப் பொறுத்தவரை இப்போதைக்குச் சோதனை தேவையில்லை. தாய்க்கு இரண்டு பிரதியும் கெட்டிருந்தாலும் பிள்ளைக்கு ஒன்றுதான் போகும். தந்தையும் ஒரு பிரதி வைத்திருந்தால்தான் கதை மாறும். அதனால் அந்த வீட்டில் கணவன் மனைவி இருவரும் உறவுக்குள் கட்டியவர்களா என்பதை முதலில் கேட்க வேண்டும்.